பேய்க்கணவாய்க்கு முதலில் தொட்டி

குளச்சல் வலையில் ஏறும் சின்னப் பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, வீட்டில் வளர்க்கலாமா என்று களியக்காவிளைத் தம்பி ஒருவன் கேட்டான். வளர்க்கலாம் மக்கா, ஆனால் முதலில் தொட்டி, அப்புறம்தான் உயிர்.

சின்ன இனத்துக்கே 200 லிட்டராவது வேண்டும். உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவில் நிற்க வேண்டும். வடிகட்டியில் நல்ல பாக்டீரியா வளர்ந்து, கழிவில் உண்டாகும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகும்வரை பொறுக்க வேண்டும். அதற்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். கழிவு அதிகம், அதனால் அதை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும் தேவை.

செம்பு ஆகவே ஆகாது. பேய்க்கணவாயின் நீல ரத்தத்திலேயே செம்பு உண்டு, ஆனால் தண்ணீரில் கலந்தால் விஷம். மீனுக்குச் செம்பு மருந்து ஊற்றிய பழைய தொட்டியை வாங்காதே.

மூடிதான் எனக்குப் பெரிய கவலை. எலும்பே இல்லாத உடம்பு. வாயிலுள்ள கெட்டியான அலகு நுழையும் ஓட்டை கிடைத்தால் முழுசாக வெளியே வந்து, தரையில் காய்ந்து செத்துவிடும். ஒயர் போகும் இடுக்கைக்கூட அடை, மூடிக்குப் பூட்டு போடு. மோட்டார் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் கட்டு. ஒளிய கல்பொந்து, தின்ன நண்டு. கூட வேறு மீன் வேண்டாம்.

பெரும்பாலான இனங்களுக்கு ஆயுளே ஒன்றிரண்டு வருஷம்தான். தொட்டி தயாராகும்வரை, வலையில் உயிரோடு வருவதைக் கடலிலேயே விடச் சொல்.