அங்கோர் பார்க்காமல் திரும்புகிறேன்

மி சோனில்தான், இந்தப் பயணம் போதுமோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. வியட்நாமின் நடுப்பகுதியில், ஹோய் ஆனுக்குத் தென்மேற்கே, மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கும் சிவன் கோயில்கள். அந்தக் காலத்தில் அங்கே இருந்த சம்பா நாட்டின் அரசன் பத்ரவர்மன் நான்காம் நூற்றாண்டில் பத்ரேசுவரர் என்று தன் பெயரையே சேர்த்து லிங்கம் நிறுவிய இடம். வரலாற்று ஆசிரியையாக இருந்த காலத்தில், பாடப்புத்தகத்தில் ஓரிரு வரியில் முடிந்துவிடும் சம்பாவை நான் ஒரு முழு வகுப்பு நேரத்துக்கு இழுத்திருக்கிறேன். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் இடிந்ததைச் சொல்லும்போது பிள்ளைகளைவிட எனக்குத்தான் தொண்டை அடைக்கும். அப்பேர்ப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, கழிப்பறை எந்தப் பக்கம், திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்ற இரண்டை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். வெயிலைக் குறை சொல்ல முடியாது. உறையூர்க்காரியை வெயில் என்ன செய்துவிடும்?

விருப்ப ஓய்வு வாங்கியதும் கிளம்பிய பயணம் இது. பாங்காக்கில் இறங்கி, அயுத்தயா, சுகோத்தாய் என்று வடக்கே ஏறி, லாவோஸ் எல்லையில் ஹுவாய் சாயிலிருந்து மேகோங் ஆற்றில் படகு பிடித்தேன். லுவாங் பிரபாங் போக இரண்டு நாள், நடுவில் பாக்பெங்கில் ஓர் இரவு. அங்கிருந்து ஹனோய். பிறகு ரயிலில் தெற்கே. ஹனோயிலிருந்து சைகோனுக்கு 1,726 கிலோமீட்டர் தண்டவாளம். நான் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டேன். எல்லாம் முடிந்து கடைசியில் கம்போடியா, அங்கோர் வாட். இரண்டாம் சூரியவர்மன் கட்டிய விஷ்ணு கோயிலை நிதானமாக ஒரு வாரம் பார்ப்பது என்றுதான் கணக்கு. சொல்லப்போனால் அதற்காகத்தான் புறப்பட்டதே.

தனியாகப் போகிறேன் என்றபோது எல்லோரும் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்கள். முழங்காலைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டும் பெரிய தொந்தரவு கொடுக்கவில்லை. ஆறு பேர் படுக்கும் ரயில் பெட்டியில் மேல் படுக்கை கிடைத்தால் நிமிர்ந்து உட்கார முடியாது, அவ்வளவுதான். ஸ்லீப்பர் பஸ்ஸில் ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதுகூடப் பழகிவிட்டது.

பழகாதது சாயங்காலம். தினமும் ஐந்து மணி ஆனதும் நாளைக்கு எங்கே, எந்த வண்டி, எந்த அறை, அறை கீழ்த்தளத்திலா மாடியிலா, சாப்பாட்டுக்கு என்ன வழி. நான் சைவம். வியட்நாமில் காய் மட்டும் போட்ட பதார்த்தத்திலும் மீன் சாறு இருக்கும். சைவக் கடைப் பலகையில் ‘சாய்’ என்று எழுதியிருப்பார்கள், அதைத் தேடிக்கொண்டு நடக்க வேண்டும். (அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். அங்கேயும் அந்த நாட்களில் நிறையப் பேர் சைவம் சாப்பிடுகிறார்கள், தள்ளுவண்டியில்கூடக் கிடைக்கும்.) வீட்டில் இருந்தால் “என்னமோ பண்ணு, எனக்குத் தெரியாது” என்று ஒரு வேளையாவது யார் தலையிலாவது கட்டிவிடலாம். இங்கே கட்ட ஆள் இல்லை. தவறான பஸ்ஸில் ஏறினால் திட்டவும் ஆள் இல்லை. திட்டு வாங்குவதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஹுவேயில் பத்தாயிரம் டாங்குக்காக ஒரு படகுக்கார அம்மாளிடம் கால் மணி நேரம் வாதாடினேன். பெரிய தொகையாகத் தோன்றும். நம் பணத்தில் ஒரு நல்ல காபிகூட வராது.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் மி சோனுக்கு முன்பும் வந்திருக்கிறது. லுவாங் பிரபாங்கில் வயிறு கெட்டுப் படுத்திருந்தபோது விமான டிக்கெட் பக்கத்தைத் திறந்து பெயர்கூட அடித்துவிட்டேன். காய்ச்சலோடு பணம் கட்டக் கூடாது என்று போனைத் தூக்கிப் போட்டேன். உடம்பு தேறியதும், விடியற்காலையில் பிட்சுக்கள் வரிசையாக வந்து சோறு வாங்கிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்தபோது, போக நினைத்ததே மறந்துபோயிற்று. ஆகவே மி சோன் சந்தேகத்தையும் நான் உடனே நம்பவில்லை. களைப்பாக இருக்கும், ஓய்வு எடுத்தால் சரியாகும் என்று குய் நோனில் இறங்கினேன்.

குய் நோன் கடற்கரை ஊர். அடுப்பு உள்ள அறை ஒன்றை வாரக் கணக்கில் எடுத்தேன். சந்தையில் பயத்தம்பருப்பும் புளியும் கிடைத்தன, ரசப்பொடி என் பையிலேயே இருந்தது. ரசம் வைத்தேன். நன்றாகத் தூங்கினேன். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது, காலையில் கடற்கரையில் நடப்பது, வேறு ஒன்றும் கிடையாது. முழங்கால் வீக்கம் வடிந்தது. நாளைக்கு எங்கே என்ற கேள்வியும் நின்றது. மனசு உண்மையிலேயே லேசாக இருந்தது.

அந்த ஊருக்குள்ளேயே சம்பா காலத்து இரட்டைக் கோபுரம் இருக்கிறது. ‘தாப் டோய்’ என்பார்கள். செங்கல் கட்டடம், மூலைகளில் கல்லில் கருடன். தெருவிலிருந்தே தெரியும். இளநீர் வாங்கப் போகிற வழியில் பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். உள்ளே போகவில்லை. காலும் வலிக்கவில்லை, வயிறும் கெடவில்லை, நேரமும் இருந்தது. போகத் தோன்றவில்லை.

அப்போதுதான் அங்கோரைப் பற்றி நிஜமாக யோசித்தேன். மூன்று நாள் நுழைவுச் சீட்டு 62 டாலர், சைகோனிலிருந்து புனோம் பென்னுக்கு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். பணம் இருக்கிறது. இப்போது போகாவிட்டால் இனி எப்போது என்று கேட்டுப் பார்த்தேன், வயிற்றில் ஒரு பயம் வந்தது. பயம்தான் வந்தது, ஆசை வரவில்லை. பக்கத்து அறையில் இருந்த பெண் உட்பட யாரிடம் சொன்னாலும், வந்ததுதான் வந்தாய், அதையும் பார்த்துவிட்டுப் போ என்ற ஒரே பதில். கும்பகோணத்தில் வேன் வைத்து ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் முடிக்கிறவர்கள் பேசுகிற பேச்சு இது. ஆறாவது கோயிலில் பாதிப் பேர் வேனைவிட்டு இறங்க மாட்டார்கள், “நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கிறேன்” என்பார்கள். அங்கோர் வாட் வாசலில் நான் அப்படி உட்கார்ந்திருப்பதை நினைக்கவே கஷ்டமாக இருந்தது. முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டிய கோயில் அது.

சைகோனிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் 2023 நவம்பரில் ஆரம்பித்தார்கள். தினமும் கிடையாது என்பதால் நாள் பார்த்து டிக்கெட் போட்டேன். நல்லா தூங்கி எழுந்த ஒரு காலையில், காபி குடித்துவிட்டு.

சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நேற்று போனேன். வியட்நாம் பெண்கள் கருவறைக்குப் பின்னால் போய்ச் சுவரில் நெற்றியை ஒட்டவைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் இப்படிச் செய்து பார்த்ததில்லை. வெகுநேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

தங்கையிடம் போனில் இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். “பாத்தியா, இன்னும் ஆசை இருக்குல்ல? டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு அங்கோருக்குப் போயேன்க்கா.”

கோயில் அறையிலிருந்து பத்து நிமிஷ நடை, அதற்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை என்றேன். அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. இவ்வளவு சொல்கிறாயே, அடுத்த வருஷம் நீயும் வா, பஸ்ஸும் அறையும் நீ பார்த்துக்கொள், கோயிலை நான் காட்டுகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பாஸ்போர்ட் எப்போதோ காலாவதி ஆகிவிட்டதே என்றாள். திங்கட்கிழமையே போய்ப் புதுப்பிக்க மனுப் போடச் சொல்லியிருக்கிறேன்.