மே மாதக் கணவாய்ப் பனி: மூன்று மணிக்கே கிளம்புங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து இமயமலையில் நடக்கப் போகிறவர்களுக்கு மே மாதம்தான் தோது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும், இங்கே கத்திரி வெயில் கொளுத்தும். ஆனால் மலையில் அதுதான் பருவத்தின் தொடக்கம். 4,650 மீட்டர் உயரமுள்ள ரூபின் கணவாய்க்கு ஏறும் கடைசி இடுக்கில் குளிர்காலப் பனி அப்போதும் செங்குத்தாகக் கிடக்கும். "தினமும் பீச் ரோட்டில் நடக்கிறோம், செஞ்சிக் கோட்டை ராஜகிரி ஏறியிருக்கிறோம், போதாதா?" என்று கேட்கிறார்கள். மூச்சுக்கும் முட்டிக்கும் அது நல்ல பயிற்சி. பனியைப் படிப்பது தனி வேலை.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அலை நனைத்த மணலில் நடந்தால் கால் புதையாது. நாலு அடி மேலே ஏறிக் காய்ந்த மணலுக்கு வந்தால் ஒவ்வொரு அடியும் உள்ளே போகும். பனியில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும், நேரம்தான் வேறு. இரவில் இறுகிய பனி விடிகாலையில் தரை மாதிரித் தாங்கும். வெயில் ஏற ஏற இளகும். பதினோரு மணிக்கு மேல் முட்டி வரை, சில இடங்களில் தொடை வரை கால் இறங்கும். எனவே காலை 3 மணிக்குக் கிளம்பி, 9, 10 மணிக்குள் கணவாயைத் தாண்டிவிடுங்கள். ஒரு விஷயம்: இரவெல்லாம் மேகம் மூடியிருந்தால் பனி சரியாக இறுகாது. கிளம்பும்போதே கணுக்கால் வரை புதைகிறதென்றால் அன்றைக்கு ஏறவே வேண்டாம்.

இறுகிய பனி வழுக்கும். மிதமான சரிவுக்கு ஷூவின் மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக் போதும்: ரப்பர் பட்டை, சங்கிலி, ஒரு சென்டிமீட்டர் முள். செங்குத்துக்கு அது பத்தாது. 10 அல்லது 12 முள் கிராம்பானும் (ஷூவின் அடியில் கட்டும் நீள முள் சட்டம்) ஐஸ் ஆக்ஸும் வேண்டும். ஐஸ் ஆக்ஸ் சின்ன பிக்காசு மாதிரி இருக்கும். கையைத் தொங்கவிட்டுப் பிடித்தால் அடிமுனை கணுக்கால் பக்கம் வரவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 70 சென்டிமீட்டர் சரியாக இருக்கும். சரிவில் குறுக்கே போகும்போது அதை மேட்டுப் பக்கக் கையில், அலகு (தலைப்பகுதியின் கூர்மூக்கு) பின்னால் பார்க்கும்படி பிடியுங்கள்.

வழுக்கினால் அடுத்த கையால் ஐஸ் ஆக்ஸ் கம்பின் அடிமுனைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்ளுங்கள். தலைப்பகுதி தோளோடு, கம்பு மார்புக்குக் குறுக்கே. தலைப்பகுதி இருக்கும் பக்கமாகவே குப்புறப் புரளுங்கள், மறுபக்கம் புரண்டால் அடிமுனை பனியில் குத்திக் கருவியைப் பிடுங்கிவிடும். நெஞ்சின் எடையை முழுக்க அலகின் மேல் போட்டு அழுத்துங்கள். காலில் கிராம்பான் மாட்டியிருந்தால் பாதங்களைத் தூக்கிவிட்டு முட்டியை ஊன்றுங்கள். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும், இல்லை உடம்பே தலைகீழாகப் புரளும். இதெல்லாம் முதல் சில நொடிகளில் நடக்க வேண்டும். வேகம் எடுத்துவிட்டால் நிற்காது. படித்து மட்டும் இது வராது. கணவாய்க்கு முந்தைய நாள், கீழே பாறையோ ஓடையோ இல்லாத சரிவில் இருபது தடவையாவது விழுந்து பாருங்கள்.

பாறைக்குப் பக்கத்தில் பனி கெட்டியாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். பாறை வாங்கிய சூட்டில் அடிப்பக்கம் உருகி உள்ளே குடைந்திருக்கும். அங்கே கால் இறங்கி இடுக்கில் மாட்டும்போது உடம்பு முன்னால் போனால் எலும்பு முறியும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே நடங்கள். ஓடை மேல் பாலம் போலக் கிடக்கும் பனியும் அப்படித்தான், நடு ஓட்டத்துக்கு மேலேயும் ஓரத்திலும் மெலிந்திருக்கும். காலையில் மட்டும், ஒவ்வொருவராக, முதுகுப் பையின் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கடக்க வேண்டும். வெறும் ஓடையும் காலையில்தான் வடிந்திருக்கும், மாலையில் உருகிய நீரெல்லாம் சேர்ந்து வரும்.

புதுப் பனி விழுந்த அடுத்த ஒன்றிரண்டு நாள் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகள் பனிச்சரிவுக்குப் பேர்போனவை. சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால், அந்தச் சரிவின் கீழே நிற்காதீர்கள்.

புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி இல்லாமல் போனவருக்குச் சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். சன்ஸ்க்ரீனை மூக்கின் அடியிலும் தாடையின் கீழும் தடவுங்கள், கதிர் கீழிருந்தும் வருகிறது. நூலிழைத் தண்ணீர் ஃபில்டர் ஒரு தடவை உறைந்தாலே கெட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. ராத்திரி போனோடு சேர்த்து ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, அதில் ஒன்று தூங்க மட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். நாளுக்கு 25 கிலோமீட்டர் நடப்பவர் பனியில் 12 நடந்தாலே பெரிது, ஆகவே இரண்டு நாள் சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும்.

பருவம் முடியும் நேரத்தில் போகிறவர்களுக்கும் ஒன்று. 2014 அக்டோபர் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான் இரண்டு நாள் கழித்து நேபாளத்தின் அன்னபூர்ணா பக்கம் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாய்ப் பகுதியில் மாட்டிக்கொண்டவர்கள் உட்பட 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது பற்றிச் செய்தி வந்தால், அங்கே நடக்கிற உங்கள் ஆட்களுக்கு உடனே சொல்லுங்கள். கணவாய்க்குக் கீழே உள்ள ஊரிலேயே தங்கி, வானம் தெளியும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும்.