சேர்ஃபுக்கு சொலிட் அக்சில் போட நினைக்கிறவர்களுக்கு

ரொயோட்டா ஹைலக்ஸ் சேர்ஃப் ஜீப் வைத்திருக்கிற தம்பிமார் இப்போது கேட்பதெல்லாம் ஒன்றுதான்: முன்பக்க ஐஎஃப்எஸ்ஸை (ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக ஏறி இறங்குகிற அமைப்பு) வெட்டி எறிந்துவிட்டு சொலிட் அக்சில் (இரண்டு சில்லையும் சேர்க்கிற ஒரே அச்சு) போட்டால் என்ன? போடலாம். எங்கே ஓடப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

ஐஎஃப்எஸ்ஸில் முன் டிஃப் (சில்லுகளுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற கியர்க் கூடு) சேஸியோடு சேர்ந்து நிற்கிறது, அதனால் வண்டி குதித்து ஸ்பிரிங் அமுங்கும்போது டிஃப்பும் நிலத்துக்குக் கிட்ட வந்துவிடும். சொலிட் அக்சிலில் அந்த உயரத்தைத் தீர்மானிப்பது ரயர் மட்டும்தான். ஒரு சில்லு கல்லில் ஏறினால் மற்றச் சில்லு நிலத்தை விடாமல் பிடிக்கும். மலைக்கு இது பெரிய விஷயம், ஆனால் யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? மணற்காடு, நாகர்கோவில் பக்க மணலில் உங்களைக் காப்பாற்றுவது ரயர்க் காற்று. 15–18 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள், தார் றோட்டில் ஏற முதல் திரும்ப அடியுங்கள். வன்னியில் மாரி காலத்து ரக்டர் தடம் என்றால் நடு மேட்டை சொலிட் அக்சிலின் பெரிய டிஃப் உழுதுகொண்டுதான் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, போடத்தான் வேண்டுமா? வெல்டிங் வேலை சுகம், ஸ்ரியரிங்தான் சிக்கல். ஸ்ரியரிங் பெட்டியிலிருந்து சில்லுக்குப் போகிற தண்டு அளவுக்கு மிஞ்சிச் சரிந்து நின்றால், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். காஸ்ரர் கோணம் (சில்லு திரும்புகிற அச்சு பின்பக்கம் சாய்ந்து நிற்கிற அளவு) குறைந்தால் ஏ9 வீதியில் நேராக நிற்காது, திருப்பிவிட்ட ஸ்ரியரிங் தானாகத் திரும்பியும் வராது. பட்டை ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் இடையில் ஆப்பு வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். முன் டிஃப்பின் கியர் ரேஷியோ (பற்களின் விகிதம்) பின்னதோடு ஒத்துப்போகாவிட்டால், நாலு சில்லும் இழுக்கிற போர்வீலில் கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இந்த மாற்றத்தைச் செய்யலாமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், வெட்டின பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

என்னைக் கேட்டால், சேர்ஃபை விற்றுவிட்டு எல்என்106 டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள ஹைலக்ஸ் பிக்கப்) ஒன்றைத் தேடுங்கள். ரொயோட்டாவே சொலிட் அக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் போட்டு அனுப்பிய வண்டி, இத்தனை வெட்டுக்கொத்துக்கும் தேவையில்லை. பார்க்கப் போகும்போது முன் சில்லுக்குப் பின்னாலுள்ள இரும்பு உருண்டையை விரலால் தடவுங்கள். மெல்லிய கிறீஸ் படலம் என்றால் பிரச்சினையில்லை. டிஃப் எண்ணெயும் கலந்து தண்ணியாக வழிந்தால் உள் சீல் போய்விட்டது, அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.