எஃப்ஐஆரில் 87-உம் சேர்ந்திருந்தால்

பெண்ணுக்கு 18 முடிந்து ஐந்து மாதம். தானே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவள். அப்படியும் மச்சான் மகன் மேல் கடத்தல் வழக்கு.

பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐபிசி-க்குப் பதில் வந்த சட்டம்) கடத்தல் பிரிவு 137(2) மட்டும் என்றால் தண்டனை 7 ஆண்டு வரை. ஆனாலும் ஸ்டேஷன் ஜாமீன் கேட்கலாம். எங்கள் எஃப்ஐஆரில் 87-உம் இருந்தது. திருமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கடத்தியதாக அர்த்தம். 10 ஆண்டு வரை, ஸ்டேஷனில் விட மாட்டார்கள். பிரிவு எண்ணைப் பார்க்காமல் அரை நாள் அங்கே நின்றது வீண். முன்ஜாமீன் செஷன்ஸ் கோர்ட்டில் இரண்டு வாய்தாவில் கிடைத்துவிட்டது.

அலைய வைத்தது வயதுச் சான்றுதான். 18-க்கு ஒரு நாள் குறைந்தாலும் பெண்ணின் சம்மதம் செல்லாது, போக்சோவும் சேரலாம். பிறப்புச் சான்றுக்கு இரண்டு நடை. முதல் நாள் சீட்டில் ஆள் இல்லை. மறுநாள் கிடைத்த காகிதத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், ‘பெண்’. குழந்தை பெயர் வரும் இடத்தில் வெறும் கோடு. பெயர் சேர்க்க அப்பா கையெழுத்து வேண்டுமாம். புகார் கொடுத்தவரே அவர்தான்!

சிறார் நீதிச் சட்டம் 94-ஐ முதலிலேயே படித்திருக்கலாம். அதில் பள்ளிப் பிறந்த தேதிச் சான்றும் பத்தாம் வகுப்புச் சான்றும்தான் முதலில். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. டிசி போதாது என்று 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அசல் மார்க் ஷீட் அப்பாவின் பீரோவில். பெண்ணின் போனில் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் மார்க் ஷீட் இருந்தது, பிழைத்தோம்.

வயது இழுபறியானால் கைகொடுப்பது வரதராஜன் வழக்கு, 1965 தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. சென்னையில் 18 நெருங்கிய கல்லூரி மாணவி. அவளே வரதராஜனுக்குப் போன் செய்து வரச்சொன்னாள். விவரம் தெரிந்த பெண் தானாகக் கிளம்பி வந்தால், கூடப் போனது மட்டும் ‘கூட்டிச் சென்றது’ ஆகாது என்று விடுதலை செய்தார்கள். ஆசை காட்டி வரவழைத்திருந்தால் இது உதவாது.

ஆகவே யார் முதலில் அழைத்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டாதீர்கள். புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63(4)-இன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள். போனை ரீசெட் செய்யாமல், சிம் மாற்றாமல் வக்கீலிடம் காட்டுங்கள். பஸ் டிக்கெட்டை அன்றே போட்டோ எடுங்கள், மை சீக்கிரம் மங்கிவிடும்.