நாலு பேருக்குப் பொதுவாய் ஒரு டிவைடிங் ஹெட்

கோவையில் வீட்டோடு சின்ன லேத் வைத்துக்கொண்டு பொழுதுபோக்காய்க் கடைந்துகொண்டிருக்கும் நாங்கள் நாலு பேர் சேர்ந்து இப்போது ஒரு டிவைடிங் ஹெட் செய்கிறோம். வட்டத்தைச் சமபங்காகப் பிரித்து, சாமானைப் பங்கு பங்காய்த் திருப்பி நிறுத்துகிற கருவி அது. கியர் வெட்ட அது வேண்டும், ஆனால் எப்போதாவது தொடுகிற சாமானுக்கு ஆளுக்கொன்று வாங்குவானேன்.

வேலையைப் பிரித்தாயிற்று. பாடியை வார்ப்பது ஃபவுண்டரியில் இருக்கிற அண்ணன் பொறுப்பு (இந்த ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை). வார்மும் (திருகு மாதிரித் தண்டு) அது சுழற்றுகிற பல் சக்கரமான வார்ம் வீலும் ஒருவர், அந்த வீலோடு சேர்ந்து சாமானைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் ஒருவர். எனக்கு வந்தது துளைத் தட்டு, அதாவது வார்மைச் சுற்றுகிற கைப்பிடியை அளவாய் நிறுத்த வட்ட வட்டமாய்த் துளை போட்ட தட்டு.

கணக்கு சுலபம். வார்ம் வீலில் 40 பல், கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் ஒரு சுற்று. 36 பல் கியர் வேண்டுமா, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுற்று, அப்புறம் 18 துளை வட்டத்தில் 2 துளை தள்ளி நிறுத்த வேண்டியதுதான். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று: தட்டில் துளை கொஞ்சம் விலகியிருந்தாலும் அந்தப் பிழை ஸ்பிண்டிலுக்குப் போகும்போது நாற்பதில் ஒரு பங்காகிவிடும். அதனால் முதல் தட்டுக்கு வரைபடத்தை அச்சடித்து ஒட்டி, சென்டர் பஞ்ச் அடித்துத் துளைத்தாலே போதும், அதை மாட்டி அதே ஹெட்டில் ரெண்டாவது தட்டை இன்னும் துல்லியமாகப் போட்டுக்கொள்ளலாம். வார்ம் வீல் மட்டும் ஒழுங்காய் அமைய வேண்டும், அதன் பிழை குறையாது, அப்படியே வெட்டுகிற கியரில் இறங்கும்.

யார் வீட்டில் வைப்பது என்பதில்தான் இன்னும் தகராறு. மில்லிங் மெஷின் இருப்பவர் வீடுதான் நியாயம் என்கிறேன் நான். அவரோ, துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பித் தராதவனுக்கு அடுத்த முறை கிடையாது என்று இப்போதே சட்டம் பேசுகிறார்.