66-இல் 34

ஐ.ஐ.எம். மாதிரியான மேலாண்மைக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் (CAT) தேர்வின் ரிசல்ட் 2022 டிசம்பர் 21 அன்று வந்தபோது சிறுசேரியில் ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மொத்தம் 88 பெர்சென்டைல். நடுப்பகுதியான டிஐஎல்ஆரில், அதாவது பட்டியல், புதிர் மாதிரியான தகவல்களை வைத்து யோசித்துப் போடும் பகுதியில் மட்டும் 51. அதைப் பார்த்தவுடன் எந்த ஐ.ஐ.எம்.மும் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடாது என்று தெரிந்துவிட்டது. மொத்தம் எவ்வளவு இருந்தாலும், ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஒரு கட் ஆஃப் உண்டு.

விருதுநகரில் இருக்கும் அம்மாவுக்கு போன் செய்தேன். "88-ஆ? நல்ல மார்க்குதானப்பா" என்றார். அது மார்க் இல்லை, எழுதிய இரண்டு லட்சத்துச் சொச்சம் பேரில் எனக்கு முன்னால் இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் நிற்கிறார்கள் என்று விளக்கப் பார்த்தேன். பாதியில் பஸ் வந்துவிட்டது. மாமா ஒருவர் இன்றுவரை நான் எம்.டெக். சேருவதற்குத்தான் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எம்.டெக்.குக்கு எழுதுவது GATE, நான் எழுதியது CAT, தமிழில் எழுதினால் இரண்டு தேர்வுக்கும் கேட் என்றுதான் பெயர்.

தேர்வு இரண்டு மணி நேரம். ஆங்கிலம், டிஐஎல்ஆர், கணக்கு என்று இதே வரிசையில் பகுதிக்கு 40 நிமிஷம். நேரம் முடிந்தால் அந்தப் பகுதி தானாகவே பூட்டிக்கொள்ளும், சீக்கிரம் முடித்தாலும் அடுத்ததற்குத் தாவ முடியாது. நான் எழுதிய இரண்டு வருஷமும் மொத்தம் 66 கேள்விகள். சரியான விடைக்கு 3, ஆப்ஷன் கேள்வியில் தப்பானால் மைனஸ் 1. விடையை நாமே டைப் செய்யும் கேள்விகளுக்கு மட்டும் மைனஸ் கிடையாது.

டிஐஎல்ஆரில் அப்போது நாலு செட். ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விகள் சேர்ந்தது ஒரு செட், செட்டுக்கு ஐந்து கேள்வி. முதல் தடவை, திரையில் முதலில் இருந்த செட்டையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டம் போட்டேன், அழித்தேன், வேறு கட்டம் போட்டேன். இன்னும் ஒரே ஒரு குறிப்புதான், பிடிபட்டுவிடும் என்று ஒவ்வொரு நிமிஷமும் தோன்றியது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் 23 நிமிஷம் போயிருந்தது. மீதியில் பதறி, இரண்டாவது செட்டில் கைக்கு வந்ததை அமுக்கினேன். மூன்றாவது, நாலாவது செட்டை முழுசாகப் படிக்கக்கூட இல்லை.

ரிசல்ட்டுக்குப் பிறகு மூன்று மாதம் எதையும் தொடவில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்ப்போமே என்று பழைய வினாத்தாளைத் திறந்து, அன்று நான் படிக்காமல் விட்ட நாலாவது செட்டைப் போட்டேன். 12 நிமிஷத்தில் ஐந்து கேள்வியும் முடிந்தது. வந்த ஆத்திரத்தில் எழுந்துபோய் மொட்டைமாடியில் நின்றேன். எனக்குத் தெரியாமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

நான் பிளஸ் டூ கணக்கில் 200-க்கு 200 வாங்கியவன். "ஒரு கேள்வியையும் விடாதே, தெரியலைன்னா ஃபார்முலாவையாவது எழுதி வை, அதுக்கு ஒரு மார்க் விழும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பள்ளிக்கூடம். பொதுத்தேர்வுக்கு அது நல்ல புத்திதான். அதே புத்தியோடு இந்தத் தேர்வுக்குள் போய் 66-இல் 52 கேள்விகளுக்கு விடை கொடுத்து, மைனஸிலேயே பாதியைத் தொலைத்திருந்தேன்.

அதனால் இரண்டாவது தடவை புதுப் புத்தகம், புது கோச்சிங் எதற்கும் போகவில்லை. விடுவதற்குப் பழகினேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் ஜூன், ஜூலை முழுக்க ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நான் செய்தது இதுதான்: நாலு செட் எடுத்து வைத்துக்கொண்டு ஆறு நிமிஷம் படிக்க மட்டும் செய்வேன். எந்த இரண்டைப் போடலாம், எதைத் தொடவே கூடாது என்று ஓரத்தில் எழுதுவேன். அப்புறம் நேரக் கணக்கு இல்லாமல் நாலையும் போட்டுப் பார்த்து, நான் தேர்ந்தெடுத்தது சரியா என்று ஒத்துப்பார்ப்பேன். முதல் மாதம் பாதிக்குப் பாதி தப்பு. சின்னதாகத் தெரியும் செட்தான் என்னை அதிகம் ஏமாற்றியது. நீளமாக, பட்டியலோடு வருவது பார்க்கத்தான் பயமாக இருக்கும், உள்ளே போனால் தகவல் எல்லாம் கையிலேயே இருக்கும்.

ஆகஸ்டிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மாக், அதாவது மாதிரித் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நோட்டில் தப்புகளை மூன்றாகப் பிரித்து எழுதினேன்: தெரியாதது, தெரிந்தும் கோட்டைவிட்டது, விட்டிருக்க வேண்டியது. மூன்றாவது பட்டியல்தான் எப்போதும் நீளம். மாக் மார்க் ஏறுமுகமாகவே போகவும் இல்லை. அக்டோபரில் ஒன்றில் முந்தின வருஷத்தைவிட மோசமாக வந்தது. அன்றைக்கு, தேர்வுக்குக் கட்டிய 2,400 ரூபாய் போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

2023 நவம்பர் 26, எனக்குக் காலை ஸ்லாட். டிஐஎல்ஆர் திறந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாலு செட்டையும் படித்தேன். பக்கத்தில் டக் டக்கென்று மவுஸ் சத்தம். எல்லாரும் ஆரம்பித்துவிட்டார்கள், நான் மட்டும் வேடிக்கை பார்க்கிறேன் என்று வயிற்றைக் கலக்கியது. ஆறு நிமிஷம் கழித்து மூன்றாவது செட்டை எடுத்தேன், அப்புறம் முதலாவது. மற்ற இரண்டையும் தொடவில்லை.

விடைக்குறிப்பு வெளியானபோது சென்னை மிக்ஜாம் வெள்ளத்தில் கிடந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. அந்த மூன்று நாளும் தண்ணீர் கேனைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டேன்.

டிசம்பர் 21, போன வருஷத்து அதே தேதி. மொத்தம் 96. டிஐஎல்ஆர் 93. ஆங்கிலம் கொஞ்சம் இறங்கியிருந்தது, அது ஏன் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஜனவரியில் புதிய ஐ.ஐ.எம்.கள் சில சேர்ந்து நடத்தும் பொது நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

அம்மாவுக்கு இந்தத் தடவை பெர்சென்டைல் விளக்கம் தேவைப்படவில்லை. வேறு ஒன்றைக் கேட்டார்.

"மொத்தம் எத்தனை கேள்விப்பா?"

"66."

"நீ எத்தனை எழுதின?"

"34."

கொஞ்ச நேரம் பேச்சையே காணோம். "மீதியெல்லாம் தெரியலையாப்பா?" என்றார்.