20% தள்ளுபடி போர்டு

மெடிக்கலில் 20% தள்ளுபடியா? எந்த மாத்திரைக்கு என்று பாருங்கள். அரசு உச்சவிலை வைத்த மருந்துகளில் கடைக்காரருக்குக் கணக்கிடப்படும் லாபமே 16% தான். அந்த உச்சவிலைப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு முதல் எம்.ஆர்.பி.யைக் கம்பெனியே போட்டுக்கொள்ளலாம். பிறகு ஆண்டுக்கு 10%க்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. அதனால் கடைக்கு அடிமாட்டு விலையில் வரும் ஜெனரிக் (பிரபல பிராண்டு பெயர் இல்லாத) மாத்திரை அட்டையிலும் பல மடங்கு எம்.ஆர்.பி. இருக்கும்; 20% குறைத்தாலும் கடைக்கு லாபம்தான். சீட்டில் எழுதிய பிராண்டு இல்லை, "இதுவும் அதேதான் சார்" என்று கையில் திணிப்பது பெரும்பாலும் இதைத்தான். மருந்து அதேதான், லாபம்தான் வேறு!

அட்டையை வெட்டிக் கொடுத்தால் தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள மீதித் துண்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஓரம் கடையிலும் இல்லையென்றால் வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் எண், காலாவதி தேதி இரண்டும் வேண்டும்; துண்டுச்சீட்டில் கூட்டிப்போட்ட தொகையை வைத்து மருந்து ஆய்வாளரிடம் புகார் நிற்காது. உச்சவிலையை மத்திய அரசின் 'பார்மா சஹி தாம்' செயலியில் பார்க்கலாம்.